எலும்புக்குள்ளே ஒரு ரேடியோ ஸ்டேஷன்



சென்ற ஐப்பசி மழையில் என் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆபரேஷன் செய்து உலோகத் தண்டு வைத்தார்கள். கட்டிலில் படுத்தபடியே பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏண்டா, தெனம் கேவுரு கூழுதானே குடிச்சேன். கேவுருல சுண்ணாம்புச் சத்து இருக்குதுன்னு நீதானே படிச்சிட்டு வந்து சொன்ன. அப்புறம் ஏன் எலும்பு மளுக்குன்னு ஒடிஞ்சிது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு படிப்பவன், இரும்பு ஏன் முறிகிறது என்று கேட்டால் அரைப் பக்கம் எழுதுவேன். எலும்பு ஏன் முறிகிறது என்றால்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ரயிலில் எங்கள் இயற்பியல் விரிவுரையாளரும் வருவார். அவரிடம் கேட்டேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நான்கு ஸ்டேஷன் கடக்கும்வரை பேசினார். "உங்க பாட்டி கேட்டது சாதாரணக் கேள்வி இல்லப்பா. உலகத்துல பெரிய பெரிய லேப்ல அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரை.

எலும்பு கல்லா, தோலா?

நம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மரம் போய்விட்டது, அதன் இடத்தில் சிலிக்கா வந்து உட்கார்ந்து மரத்தின் உருவத்தை மட்டும் வைத்திருக்கிறது. எலும்பு அப்படியல்ல. அதில் கல்லும் உயிர்ப்பொருளும் ஒரே நேரத்தில் கைகோத்து நிற்கின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து வினிகரில் போட்டு நாலைந்து நாள் விடுங்கள். குமிழி குமிழியாக வரும். எலும்பில் உள்ள கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து விடும் வாயு அது. பிறகு எடுத்துப் பாருங்கள், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். கனிமம் கரைந்து போய், மிஞ்சியது கொலாஜன் என்னும் புரதம். இன்னொரு எலும்பை அடுப்புத் தணலில் நன்றாக எரியவிடுங்கள். புரதம் எரிந்து போய் வெள்ளையாகக் கனிமம் மட்டும் நிற்கும். விரலால் அழுத்தினால் பொடியாகும். ஒன்று வளைகிறது, ஒன்று நொறுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

எடைக் கணக்கில் எலும்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனிமம், மீதியில் பெரும்பகுதி கொலாஜன், பத்து சதவீதம் போலத் தண்ணீர். இந்தக் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாணை எக்ஸ்ரேயில் வைத்துக் கண்டார்கள். ஆக, எலும்பின் கயிற்றுப் பகுதி கிண்டியிலேயே அவிழ்க்கப்பட்டுவிட்டது. கல் பகுதிதான் இன்னும் தகராறு செய்கிறது.

ஒரு கிராமுக்கு ஒரு கிரவுண்டு

கல் பகுதியின் பெயர் அபடைட். பாடநூலில் ஹைட்ராக்சி அபடைட் என்று இருக்கும்: பத்து கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில். ஆனால் எலும்பில் இருப்பது இந்தச் சுத்தமான வாய்பாடு அல்ல. பாஸ்பேட் இருக்க வேண்டிய சில இடங்களில் கார்பனேட் புகுந்திருக்கும்; ஹைட்ராக்சில் குறைவாக இருக்கும்.

முக்கியமானது அதன் அளவு. எலும்பின் படிகங்கள் மெல்லிய தகடுகள். தடிமன் சுமார் 3 நானோமீட்டர். அபடைட்டின் ஓர் அலகுக்கூட்டின் அகலம் 0.94 நானோமீட்டர், எனவே ஒரு தகட்டின் தடிமனில் மூன்று கூடுகள்தான் அடங்கும். ஒரு வீட்டுக்கு மூன்றே அறை. அதில் இரண்டு அறை தெருவைப் பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அபடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.16 கிராம். 3 நானோமீட்டர் தகடுகளாக ஒரு கிராம் கனிமத்தை அடுக்கினால் இரு பக்க மேற்பரப்பு எவ்வளவு? இரண்டை, அடர்த்தியும் தடிமனும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை சுமார் 210 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிராமுக்கு ஒரு கிரவுண்டு! நம் ஊர்க் கணக்கில் ஐந்து சென்ட் மனை.

இவ்வளவு மேற்பரப்பு இருந்தால், எலும்பின் குணத்தைத் தீர்மானிப்பது படிகத்தின் உள்ளே இருப்பது மட்டும்தானா? இல்லை. மேலே ஒட்டியிருப்பதும்தான். கொலாஜன் ஒட்டுவது மேற்பரப்பில். இரத்தம் கால்சியத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் மேற்பரப்பில். செயற்கை எலும்பைப் பொருத்தினால் உடம்பு முதலில் தொட்டுப் பார்ப்பதும் மேற்பரப்பைத்தான்.

எக்ஸ்ரே ஏன் போதவில்லை?

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திச் சோதனையும் கனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். எப்படி இருக்கிறது என்று சொல்லாது. சிமென்ட் எத்தனை மூட்டை போட்டார்கள் என்பது தெரியும். கலவை சரியாக இருந்ததா, தண்ணீர் விட்டு க்யூரிங் செய்தார்களா என்பது தெரியாது. சிவில் நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். அடர்த்திச் சோதனையில் ஆபத்தான அளவுக்குக் குறைவு இல்லை என்று வந்தவர்களுக்கும் எலும்பு முறிவது இதனால்தான் மருத்துவர்களை யோசிக்க வைக்கிறது.

சரி, லேப்பில் உள்ள எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன்? அது ஒழுங்காக அடுக்கிய அணுக்களைத்தான் நன்றாகப் பார்க்கும். அணிவகுப்பில் நேராக நிற்கும் என்.சி.சி. மாணவர்களை எண்ணிவிடலாம், ஓரத்தில் கலைந்து நிற்கும் கூட்டத்தை எண்ண முடியுமா? எலும்புத் தகட்டின் மேற்பரப்பு அந்தக் கலைந்த கூட்டம். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நீ யார், உன் பக்கத்தில் யார்?" என்று விசாரிக்க ஒரு வழி வேண்டும். அதுதான் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை, சுருக்கமாக என்.எம்.ஆர்.

அணுக்கருவின் வானொலி

சில அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்கள். அவற்றைப் பெரிய காந்தப்புலத்தில் வைத்தால், பம்பரம் தலையாட்டுவது போல ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழன்று ஆடும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், பிறகு திருப்பி ஒலிபரப்பும். 1946-ல் அமெரிக்காவில் பிளாக், பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே இதை வெளியிட்டு 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

9.4 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் 400 மெகாஹெர்ட்ஸிலும், பாஸ்பரஸ்-31 அணுக்கரு 162 மெகாஹெர்ட்ஸிலும், கார்பன்-13 அணுக்கரு சுமார் 100.6 மெகாஹெர்ட்ஸிலும் பாடும். கடைசி எண்ணைக் கவனியுங்கள்: நம் எஃப்.எம். ரேடியோவின் முள் நிற்கும் இடம்தான் அது! எலும்புக்குள் ஒரு ரேடியோ ஸ்டேஷன் என்று தலைப்பு வைத்ததற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஒலி மிக மெலிது. அந்தக் காந்தத்திலும், புலத்தோடு சேர்ந்து நிற்கும் ஹைட்ரஜன் கருக்கள் எதிர்த்து நிற்பவற்றைவிட லட்சத்துக்குச் சுமார் மூன்றே அதிகம். லட்சம் ஓட்டில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கும் வேட்பாளர் மாதிரி. அந்த மூன்று ஓட்டைக் கேட்கத்தான் இத்தனை பெரிய காந்தம்.

ஒரே தனிமத்தின் கருக்கள் எல்லாம் ஒரே இடத்தில் பாடினால் நமக்கு என்ன லாபம்? பக்கத்து அணுக்களைப் பொறுத்து அதிர்வெண் பத்து லட்சத்தில் சில பங்கு நகரும். வேதிப் பெயர்ச்சி என்று இதற்குப் பெயர். 1951-ல் ஸ்டான்போர்டில் எத்தில் ஆல்கஹாலின் ஹைட்ரஜன்கள் மூன்று தனித்தனிச் சிகரங்களாகப் பிரிந்து நிற்பதைக் காட்டிய மூவரில் ஒருவர் இந்தியர், எஸ்.எஸ். தர்மாட்டி. பின்னர் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தவர் அவரே.

மாயக்கோணத்தில் ஒரு ரோட்டார்

இது எங்கள் மெக்கானிக்கல் பிரிவுக்கான பகுதி. திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் உருளுவதால் சிகரம் கூர்மையாக வரும். எலும்பு திடப்பொருள், ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு திசையில் நிற்பதால் சிகரம் மலை போலப் பரந்துவிடும். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. படத்தில் கெட்டி எலும்பு கறுப்பாகத் தெரிவதும் இதே குணத்தால்தான். அதன் ஒலி கேட்பதற்குள் அடங்கிவிடுகிறது.

இதற்கு 1950-களின் இறுதியில் ஆண்ட்ரூவும் லோவும் தனித்தனியே வழி கண்டார்கள். சாம்பிளைக் காந்தப்புலத்துக்கு 54.74 டிகிரி சாய்வில் வைத்து வேகமாகச் சுற்ற வேண்டும். ஏன் அந்தக் கோணம்? பரவலுக்குக் காரணமான கோவையில் மூன்று கொசைன் வர்க்கம் கழித்தல் ஒன்று என்ற உறுப்பு வரும். இந்தக் கோணத்தில் அது பூஜ்யம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். இதற்கு மாயக்கோணம் என்றே பெயர்.

ரோட்டார் சிர்கோனியாவால் ஆனது. 4 மில்லிமீட்டர் விட்டம். வினாடிக்கு 10,000 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 6 லட்சம் ஆர்.பி.எம். நம் ஒர்க்‌ஷாப் லேத்து ஆயிரம் ஆர்.பி.எம்.-இல் ஓடினாலே தள்ளி நில்லுங்கள் என்பார்கள். 4 மில்லிமீட்டர் ரோட்டாரின் விளிம்பு வேகம் மணிக்கு சுமார் 450 கிலோமீட்டர். பால் பேரிங்கால் முடியாது. அழுத்தக் காற்றே பேரிங். அழுத்தக் காற்றே டர்பைனையும் சுற்றுகிறது. "பிசிக்ஸ்ல நோபல் வாங்கினவன் தியரி சொல்வான். ஆனா அந்த ரோட்டாரைக் கடைஞ்சு கொடுக்கிறது உங்க ஆளுதான்" என்றார் சார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து வீட்டுக் கடன்

இனி மேற்பரப்புக்கு வருவோம். பாஸ்பரஸ்-31 இயற்கையில் 100 சதவீதம் இருப்பதால் எலும்பில் அதைக் கேட்பது எளிது. சூளையில் 1,200 டிகிரியில் சுட்ட அபடைட்டில் 2.8 பி.பி.எம். பக்கத்தில் ஒல்லியான சிகரம் வரும். எலும்பில் அதே இடத்தில்தான், ஆனால் குண்டாக வரும். குண்டாக இருப்பதே ஒரு செய்தி: பாஸ்பேட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சூழலில் இல்லை.

யார் உள்ளே, யார் மேலே? இங்கேதான் குறுக்கு முனைவாக்கம் என்ற தந்திரம். 1970-களின் தொடக்கத்தில் பைன்ஸ், கிப்பி, வா ஆகியோர் உருவாக்கியது. ஹைட்ரஜன் பணக்காரன், காந்தச் செல்வம் அதிகம். பாஸ்பரஸ் ஏழை. இருவரையும் சில மில்லி வினாடி நேரம் பேசவிட்டால் ஹைட்ரஜனிடமிருந்து பாஸ்பரஸ் கடன் வாங்கும். கடன் முதலில் யாருக்குக் கிடைக்கும்? பக்கத்து வீட்டுக்காரனுக்கு! ஆகவே பேச்சு நேரத்தைக் குறைத்தால் ஹைட்ரஜனை ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகள் மட்டும் ஒலிக்கும். எலும்பில் இவை பெரும்பாலும் மேற்பரப்பில் உள்ள ஹைட்ரஜன் பாஸ்பேட்டும், தண்ணீரைத் தொட்டிருக்கும் பாஸ்பேட்டும்தான். நேரத்தைக் கூட்டக் கூட்ட உள்ளே இருப்பவர்களும் வருவார்கள்.

யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று ஒரு பேரேடும் எழுதலாம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் பாஸ்பரஸ் என்று இரு பரிமாண வரைபடம். அதில் ஹைட்ராக்சில் ஹைட்ரஜன் 0 பி.பி.எம். அருகிலும், தண்ணீர் 5 பி.பி.எம். அருகிலும் தனித்தனியே தெரியும். எலும்பில் ஹைட்ராக்சில் இருக்கிறதா என்றே முன்பு சண்டை இருந்தது. 2003-ல் சோ, வூ, ஆக்கர்மன் ஆகியோர் இம்முறையில் மனித எலும்பைச் சோதித்து, பாடநூல் வாய்பாடு சொல்வதில் சுமார் 20 சதவீத அளவுக்குத்தான் இருக்கிறது என்று காட்டினார்கள்.

எலுமிச்சை எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எலும்பில் சிட்ரேட் (எலுமிச்சைப் புளிப்பின் உப்பு) இருக்கிறது என்று 1941-லேயே டிக்கன்ஸ் என்ற விஞ்ஞானி எழுதினார். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுபது ஆண்டுகள் சரியாகத் தெரியவில்லை.

2010-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹூ, ரவால், ஷ்மிட்-ரோர் ஆகிய மூவர் மாட்டெலும்பை என்.எம்.ஆர்.-இல் வைத்தார்கள். கார்பனுக்கும் பாஸ்பரசுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும் ரெடார் என்ற முறை. (வானத்தில் விமானம் பார்க்கும் ரேடார் அல்ல!) பாஸ்பேட்டுக்கு மிக அருகில் சில கார்பன் சிகரங்கள் இருந்தன. அதுவரை அவற்றைக் கொலாஜன் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவை சிட்ரேட். அதன் மூன்று கைகளும் கனிமப் பரப்பிலிருந்து 0.3 முதல் 0.45 நானோமீட்டர் தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2 நானோமீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மூலக்கூறு. தகடு மேலும் தடித்துவிடாமல் 3 நானோமீட்டரிலேயே நிறுத்தி வைப்பது இதுதான் என்பது அவர்கள் முடிவு. மீன், பறவை, பாலூட்டி எல்லாவற்றின் எலும்பிலும் இதைக் கண்டார்கள். 2014-ல் கேம்பிரிட்ஜ் குழு, சிட்ரேட் இரு தகடுகளுக்கு நடுவே பாலமாகவும் நிற்கலாம் என்று காட்டியது.

உடனே யாரும் பாட்டிக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க ஓட வேண்டாம்! எலும்பில் உள்ள சிட்ரேட்டை உடலின் செல்களே உண்டாக்குகின்றன. குடிக்கும் சாறு நேரே எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளாது.

தண்ணீரும் ஒரு கட்டுமானப் பொருள்

படிகத்தின் மேலே ஒரு நீர் படிந்த அடுக்கு இருக்கிறது. புது எலும்பில் இது தாராளம். கனிமம் முதிர முதிர உள் அபடைட் வளர்ந்து, இந்த அடுக்கு குறையும். காய்ந்த எலும்பு அதிக விறைப்பாக இருக்கும், ஆனால் அடி தாங்காமல் நொறுங்கும். பச்சைக் குச்சிக்கும் சுள்ளிக்கும் உள்ள வித்தியாசம்.

இதில் நம் நாட்டவர் பங்கு நிறைய உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அய்யலுசாமி இராமமூர்த்தி (பெயரைப் பார்த்தாலே நம்ம பக்கம் என்று தெரிகிறதல்லவா?) கான்பூர் ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் குழு 2009-ல், மாட்டெலும்பைப் பொடியாக்காமல் அப்படியே வைத்து, நீர் வெளியேற வெளியேற உள்ளே என்ன மாறுகிறது என்று கவனித்தது. 2010-ல் எலும்பின் கால்சியத்தையே நேராகக் கேட்டது. அந்தக் கால்சியம்-43 இயற்கையில் 0.135 சதவீதம்தான், எவ்வளவு பொறுமை வேண்டும் பாருங்கள். லக்னோவில் உள்ள உயிர்மருத்துவக் காந்த ஒத்ததிர்வு மையத்தில் நீரஜ் சின்ஹா குழு 2011-ல், தண்ணீர் போனால் கொலாஜனும் கனிமமும் தொடும் எல்லை எப்படி மாறுகிறது என்று வெளியிட்டது. அந்த எல்லையில் தண்ணீர் வெறும் ஈரம் அல்ல; கயிற்றையும் கல்லையும் சேர்த்துப் பிடிக்கும் பசையும் அதுவே.

ஃபுளூரைடு: நம் மாநிலத்தின் கண்ணீர்

1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், குடிநீர் ஃபுளூரைடால் மனிதர் எலும்பு கெடுவதைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட் குழுவினர் எழுதினார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் நீண்ட காலம் இதை அனுபவித்தார்கள். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் செயல்பாட்டுக்குத் திறக்கப்பட்டது.

ஃபுளூரைடு என்ன செய்கிறது? அபடைட்டின் ஹைட்ராக்சில் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எலும்பின் அளவு கூடுகிறது, எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. ஆனால் அந்த எலும்பு நல்ல எலும்பு அல்ல. அளவு வேறு, தரம் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஃபுளூரின்-19 கருவும் நன்றாகப் பாடும். அபடைட்டுக்குள் சென்ற ஃபுளூரின் -103 பி.பி.எம். அருகிலும், மேலே கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்தது -108 அருகிலும் ஒலிக்கும். உள்ளே போனதா, மேலே ஒட்டியதா என்பதைப் பிரித்துச் சொல்ல இது உதவும்.

செயற்கை எலும்பு செய்பவர்களுக்கு

முட்டை ஓட்டிலிருந்து அபடைட் செய்து புராஜெக்ட் வைக்கும் நண்பர்கள் கவனிக்கவும். எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் "அபடைட்" என்று வந்துவிட்டால் எலும்பு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. சூளையில் சுட்டது பெரிய படிகம், மேற்பரப்பு குறைவு, உடம்பு அதை எளிதில் கரைத்துப் புது எலும்பாக மாற்றாது. குறைந்த வெப்பத்தில் கரைசலிலிருந்து படியவிட்டதில் நீர் அடுக்கு இருக்கும், எலும்புக்கு நெருக்கம். இரண்டுக்கும் வேறுபாட்டைப் பாஸ்பரஸ் சிகரத்தின் அகலம் முதல் பார்வையிலேயே காட்டிவிடும். சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையம் (முன்பு ஆர்.எஸ்.ஐ.சி., இப்போது சாயிஃப்) வெளிக் கல்லூரிச் சாம்பிள்களையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகிறது. துறைத் தலைவர் மூலம் விசாரியுங்கள்.

எல்லைகள்

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறையில் எலும்பின் துண்டு வேண்டும். பாட்டியை 6 லட்சம் ஆர்.பி.எம்.-இல் சுற்ற முடியாது! ஒரு சாம்பிளுக்குப் பல மணி நேரம், சில சோதனைகளுக்குப் பல நாள் ஆகும். இரும்பு போன்ற காந்தத்தன்மை உள்ள கலப்பு இருந்தால் சிகரமே சிதைந்துவிடும். கருவி விலை கோடிகளில். எனவே இது இன்றைக்கு நோயாளிக்கு நேரடியான டெஸ்ட் அல்ல. நாளைய மருந்துக்கும் நாளைய செயற்கை எலும்புக்கும் அடிப்படை போடும் வேலை.

முடிவுரை

பாட்டி இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார். கொல்லைக்கு இனி போக மாட்டார். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "ஆயா, கேவுரு மேல தப்பு இல்ல. சுண்ணாம்பு இருந்தா மட்டும் போதாது. அதைப் புடிச்சிக்கிட்டு இருக்கிற ஈரமும் கயிறும் வயசானா கொறையுது. எக்ஸ்ரேல அது தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மண்சுவரு மாதிரின்னு சொல்லு. மண்ணு அப்படியேதான் இருக்கும், உள்ள வைக்கோலு மக்கிப் போயிருக்கும்."

மூன்று மாதம் நான் படித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நண்பர்களே, வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்குள் ஒரு பாடம் இருக்கும். அப்படியே, மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவி வையுங்கள். அதற்கு எந்தக் காந்தமும் வேண்டாம்.



— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்